'கிராப் எ பைட்': பதில் சொல்வதில் தொடங்கி பில் கட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

"வான்னா கிராப் எ பைட்?" என்று அமெரிக்க சக ஊழியர் ஒருவர் மேஜைப் பக்கம் வந்து கேட்கிறார். ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று அழைக்கிறார். நம்மவர் சொல்லும் பதில் பெரும்பாலும் இதுதான்: "ஐ ஆல்ரெடி ஹேட் மை லஞ்ச்." கேட்டவர் "ஓ, ஓகே" என்று போய்விடுவார். இன்னொரு நாள் மறுபடியும் கேட்டுப் பார்ப்பார். அதற்கும் அதே பதில் வந்தால் அதோடு விட்டுவிடுவார். சொன்ன ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கும், சென்னையில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டு டீமோடு பேசுகிறவர்களுக்கும் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்தச் சொற்றொடரின் பொருள் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தே இருக்கிறது. இடறுவது வரிசையில்தான். எடுத்த எடுப்பில் அடுத்தவரை அழைக்கப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பிறர் அழைத்தால் பதில் சொல்ல வர வேண்டும். பிறகு தன்னைப் பற்றிச் சொல்ல வர வேண்டும். அழைப்பு அதற்கு அப்புறம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன.

தொடங்கும் முன் தேவையானவை

வினையின் மூன்று வடிவங்கள் தயங்காமல் வாயில் வர வேண்டும்: 'கிராப்', 'கிராப்ட்', 'கிராபிங்'. ஒலியைப் பதிவு செய்ய உங்கள் கைப்பேசியே போதும்.

முக்கியமானது இன்னொன்று. நீங்கள் எதைச் சாப்பிடுவீர்கள், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதற்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். இந்த அழைப்பு திடீரென்று வரும். 'எங்கே போகலாம்' என்பதும் நடந்துகொண்டே முடிவாகிவிடும். அந்த இடத்தில் யோசிக்க ஆரம்பித்தால் தயக்கம் முகத்தில் தெரியும், அதை 'வர விருப்பமில்லை' என்று எடுத்துக்கொள்வார்கள். "ஐ'ம் வெஜிடேரியன். நோ மீட், நோ ஃபிஷ், எக்ஸ் ஆர் ஃபைன்" என்று மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மீன் சாப்பிடுவீர்களா என்று அடுத்த கேள்வி வரும். மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்றால் "ஐ டோன்ட் ஈட் பீஃப்" போதும். ஹலால் பார்ப்பவர்களும் இப்படியே ஒரு வரியில் முடிக்கலாம். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

1. பொருளின் எடையைச் சரியாகப் பிடியுங்கள்

'கிராப்' என்றால் வெடுக்கென்று எடுப்பது. 'பைட்' என்றால் ஒரு கடி. இரண்டும் சேர்ந்தால், பெரிய ஏற்பாடு இல்லாமல், அதிக நேரம் எடுக்காமல் ஏதாவது சாப்பிடுவது.

இங்கே சின்னதாக இருப்பது நேரமும் ஏற்பாடும்தான், சாப்பாடு இல்லை. 'பைட்' என்று கிளம்பியவர் முழு பர்கரும் ஒரு கூடை ஃபிரைஸும் ஆர்டர் செய்வார். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு நாம் மூன்று கரண்டி சோறு வைப்பதில்லையா, அந்த மாதிரி.

ஆனால் 'ஒரு வாய் சாப்பிடுங்க', 'கை நனைச்சுட்டுப் போங்க' என்பவற்றோடு ஒற்றுமை அதோடு முடிகிறது. நம் பேச்சில் அது வீட்டுக்காரர் விருந்தாளியிடம் உரிமையோடு சொல்வது. மறுத்தால் மனத்தாங்கல். 'கிராப் எ பைட்' அழைப்பில் பெரும்பாலும் வீட்டுக்காரரும் இல்லை, விருந்தாளியும் இல்லை. சமமான இரண்டு பேர் வெளியே போய் எதையோ சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் பாதகமில்லை. பின்னால் வரும் பெரும்பாலான படிகளுக்கு அடிப்படை இந்த ஒரு வேறுபாடுதான்.

எந்த வேளை என்று இது சொல்வதில்லை. காலை ஏழுக்கும் சொல்லலாம், மாலை நாலுக்கும் சொல்லலாம், படம் முடிந்து வரும் இரவிலும் சொல்லலாம். வேளையைக் குறிப்பிட வேண்டுமென்றால் 'கிராப் லஞ்ச்', 'கிராப் டின்னர்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது நடுவில் 'எ' வராது; 'கிராப் எ லஞ்ச்' என்பது காதில் உறுத்தும்.

2. ஒலியைச் சரி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள்தான் அதிகம். தாண்டவே கூடாத படி இது.

தமிழில் 'கிராப்' என்று எழுதும்போது முதல் எழுத்து எந்த க, கடைசி எழுத்து எந்த ப என்பதை எழுத்து சொல்லாது. இரண்டையும் வல்லினமாக அழுத்தி 'கண்', 'பல்' என்பவற்றில் வருவது போல உச்சரித்தால், ஆங்கிலக் காதில் விழுவது மலத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல். சாப்பிடக் கூப்பிடும் இடத்தில் வேறு எந்தத் தப்பையும் மன்னித்துவிடுவார்கள். இதற்குச் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடுவார்கள்.

சரியான ஒலிகள் தமிழிலேயே இருக்கின்றன. முதல் ஒலிக்கு 'தங்கம்' என்று சொல்லுங்கள்; அதில் 'ங்'குக்குப் பின் வரும் க-தான் வேண்டும். கடைசி ஒலிக்கு 'லாபம்' என்று சொல்லுங்கள்; நடுவில் வரும் ப வேண்டும். உயிரொலி, கிரிக்கெட் 'பேட்' என்று சொல்லும்போது வாய் அகலத் திறக்கிறதே, அது. 'ஏ' என்று நீட்டிவிட்டால் திராட்சைப் பழம் ஆகிவிடும்.

இனி மூன்று சொற்களையும் ஒட்டுங்கள். யாரும் 'கிராப்', 'எ', 'பைட்' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வதில்லை. நடுவில் உள்ள 'எ' வெறும் 'அ' ஆகத் தேய்ந்து முந்தைய ஒலியோடு சேர்ந்துகொள்ளும்: 'கிரா-ப-பைட்'. இப்படி ஒட்டும்போது நமக்கு ஒரு வசதி. இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக வரும் ப தமிழ் நாக்கில் தானாகவே மென்மையாகும். அதனால் ஒட்டிச் சொன்னாலே பாதிப் பிழை போய்விடும். 'பைட்' என்பதில் ப, நாம் ஓட்டும் 'பைக்'கில் வருவது. கடைசியில் உகரம் சேர்த்து 'பைட்டு' ஆக்காதீர்கள். அமெரிக்கர்கள் அந்த ட்-ஐ முழுதாக வெடிக்கக்கூட விடாமல் நாக்கை மேலே வைத்து நிறுத்திவிடுவார்கள்.

பதிவு செய்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் சரியாகத்தான் தோன்றும். வல்லின வடிவத்தை வேண்டுமென்றே ஒரு முறை சொல்லி, அடுத்துச் சரியான வடிவத்தைச் சொல்லி, இரண்டையும் ஒரே பதிவில் கேட்டால் வித்தியாசம் பிடிபடும்.

3. முதலில் பதில் சொல்லப் பழகுங்கள்

இந்தச் சொற்றொடர் உங்கள் காதில் மூன்று விதமாக விழும். மூன்றுக்கும் பொருள் வேறு.

"வான்னா கிராப் எ பைட்?" என்றால் என்னோடு வா என்று நேரடி அழைப்பு.

"வி'ஆர் கோயிங் டு கிராப் எ பைட், யூ'ஆர் வெல்கம் டு ஜாயின்" என்றால் நாங்கள் எப்படியும் போகிறோம், வந்தால் சேர்ந்துகொள். இதை ஒப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நம்மவர்கள் நழுவிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையான அழைப்புதான். வற்புறுத்துவது அங்கே மரியாதை இல்லை என்பதால் அந்தத் தொனி.

"ஐ'ம் கோயிங் டு கிராப் எ பைட். வான்ட் எனிதிங்?" இதில்தான் விபத்து நடக்கிறது. இது அழைப்பே இல்லை. நான் வெளியே போகிறேன், உனக்கு ஏதாவது வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். புதியவர் சட்டென்று எழுந்து கூடவே நடப்பார். வேண்டாம் என்றால் "ஐ'ம் குட், தேங்க்ஸ்." வேண்டுமென்றால் என்ன வேண்டும் என்று சொல்லி, அவர் திரும்பி வந்ததும் "ஹவ் மச் டு ஐ ஓ யூ?" என்று கேட்டுப் பணம் கொடுத்துவிடுங்கள்.

அந்த 'ஐ'ம் குட்'டைக் கொஞ்சம் கவனியுங்கள். சாப்பாட்டுப் பேச்சில் அதன் பொருள் 'எனக்கு வேண்டாம்'. 'நான் நன்றாக இருக்கிறேன்' என்றோ 'எனக்குச் சம்மதம்' என்றோ நினைத்துக்கொண்டு அதைச் சொல்லிவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சம்மதம் என்றால் "ஷ்யூர், வேர் டு?" அல்லது "சவுண்ட்ஸ் குட், கிவ் மி ஃபைவ் மினிட்ஸ்." ஐந்து நிமிடம் என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். அவசரமாகச் சாப்பிடக் கிளம்புகிறவரைக் கால் மணி நேரம் நிற்க வைத்தால் அழைப்பின் நோக்கமே போயிற்று.

இப்போது முதலில் சொன்ன சிக்கலுக்கு வருவோம். நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்கள். நம் ஊரில் "சாப்டாச்சா?" என்பதற்கு "ஆச்சு" என்பது முழுமையான பதில், பேச்சு அடுத்ததற்கு நகர்ந்துவிடும். இங்கே அது கதவைச் சாத்துவது போல ஆகிவிடும், ஏனென்றால் அழைப்பில் பாதி சாப்பாடு, பாதி பேச்சுத்துணை. "ஐ ஆல்ரெடி ஏட், பட் ஐ'ல் கம் அலாங் ஃபார் எ காஃபி" என்று சொல்லிப் பாருங்கள். வேலையிருந்து வர முடியவில்லை என்றால் "கேன்ட் டுடே, பட் டுமாரோ?" என்று நாளைக் குறிப்பிடுங்கள். அமெரிக்காவில் "கேன் ஐ டேக் எ ரெயின் செக்?" என்றும் சொல்வார்கள். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் பார்க்கத் தரும் சீட்டுதான் ரெயின் செக். அதைச் சொன்னால், பிறகு நீங்கள்தான் நினைவு வைத்து அழைக்க வேண்டும். சொல்லிவிட்டு மறந்துபோவது வெறும் மறுப்பை விட மோசம்.

4. அடுத்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

பதில் சொல்லப் பழகியதும், யாரையும் அழைக்காமல் உங்கள் சொந்த நடமாட்டத்தைச் சொல்ல இதைப் பயன்படுத்துங்கள். எதிராளி எதுவும் முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதால் தப்பானாலும் சேதம் இல்லை.

கிளம்பும்போது: "ஐ'ம் கோனா கிராப் எ பைட். பேக் இன் தர்ட்டி." அலுவலக அரட்டைச் செயலியில் எழுதவும் இதே வரி பொருந்தும். "ஐ ஆம் கோயிங் டு டேக் மை ஃபுட்" என்பது நம் ஊர் ஆங்கிலம்; அங்கே கேட்பவருக்கு, சாப்பாட்டுப் பொட்டலத்தை எங்கோ எடுத்துப் போகிறீர்கள் என்று படும்.

முடிந்த பிறகு: "வி கிராப்ட் எ பைட் நியர் த ஸ்டேஷன்." சாப்பிட நேரமே கிடைக்கவில்லை என்றால், "ஐ டிடின்ட் கிராப் எ பைட்" என்று நேராக மறுப்பது இயல்பாக ஒலிக்காது. "ஐ டிடின்ட் கெட் எ சான்ஸ் டு கிராப் எ பைட்" என்பார்கள். நாள் முழுவதும் பட்டினி என்றால் கிராப் விலகிக்கொள்ளும்: "ஐ ஹேவன்ட் ஹேட் எ பைட் ஆல் டே."

சின்னச் சொற்கள் கழுத்தை அறுக்கும் இடமும் இதுதான்.

'எ' கட்டாயம். 'கிராப் பைட்' என்று விட்டுவிடக் கூடாது. பன்மையும் கிடையாது, நாலு பேர் போனாலும் 'எ பைட்'தான். மெனு கார்டில் 'பைட்ஸ்' என்று தலைப்பிட்டிருந்தால் அது கொறிக்கிற சிறு தட்டுகள், வேறு விஷயம்.

பின்னால் 'ஆஃப்' போட்டால் பொருளே மாறும். "ஐ'ல் கிராப் எ பைட் ஆஃப் பிரியாணி" என்றால் அடுத்தவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆகும். பிரியாணி சாப்பிடப் போகிறீர்கள் என்றால் "கிராப் சம் பிரியாணி."

'டு ஈட்' என்று வால் சேர்த்து 'கிராப் எ பைட் டு ஈட்' என்றும் சொல்வார்கள். கூறியது கூறல் போலத் தோன்றும். ஆனால் அது வழக்கில் நிலைத்துவிட்டது, திருத்தப் போகாதீர்கள். அடைமொழி சேர்க்க வேண்டுமென்றால் 'குயிக்' மட்டும் போதும். 'எ ஹெவி பைட்' என்று யாரும் சொல்வதில்லை.

'கிராப்' என்பது சாப்பாட்டோடு நிற்காது. 'கிராப் எ சீட்', 'கிராப் எ கேப்', 'கிராப் சம் ஸ்லீப்' எல்லாம் உண்டு. "ஐ'ல் கிராப் யூ அட் நூன்" என்று ஒருவர் சொன்னால் பயப்பட வேண்டாம். பன்னிரண்டுக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். ஒன்றில் மட்டும் கவனம்: 'கிராப் எ டிரிங்க்'. வேலை முடிந்த மாலையில் அது ஜூஸ் இல்லை, மதுவைத்தான் குறிக்கும். குடிக்காதவர் போகக் கூடாது என்றில்லை. சோடாவை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

5. இப்போது மற்றவரை அழையுங்கள்

அழைப்பை இரண்டு துண்டாகச் சொல்லுங்கள். முதலில் உங்கள் திட்டம், பிறகு கேள்வி: "ஐ'ம் அபௌட் டு கிராப் எ பைட். வான்னா கம்?" நீங்கள் எப்படியும் போகத்தான் போகிறீர்கள் என்பது தெரிந்துவிட்டால், மறுப்பவருக்குச் சங்கடம் இல்லை. கேள்வியை மட்டும் கேட்டால் உங்களைத் தனியாக விட்டுவிடுகிறோமோ என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

இடத்தையும் சேர்த்துவிடுங்கள்: "அட் த டெலி டவுன்ஸ்டேர்ஸ்" (கீழே உள்ள சாண்ட்விச் கடையில்), "அட் த டாக்கோ டிரக்". இடம் சொன்னால் எவ்வளவு நேரமாகும், எவ்வளவு செலவாகும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

மறுத்தால் விட்டுவிடுங்கள். "பரவாயில்ல, சும்மா வாங்க" என்று மூன்று தரம் இழுப்பது நம் ஊர் அன்பு. அங்கே இரண்டாவது தரமே அதிகம். "நோ வொரீஸ், நெக்ஸ்ட் டைம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

நேரமும் பாருங்கள். அமெரிக்காவில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணியை ஒட்டி. இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கே நடக்கிற வீடுகள் ஏராளம். நாம் பழக்கத்தில் ஒன்பது மணிக்கு 'கிராப் டின்னர்' என்றால், அவர் சாப்பிட்டு முடித்துப் பிள்ளைகளைத் தூங்க வைத்திருப்பார். சிறிய ஊர்களில் அந்த நேரத்துக்கு உணவகச் சமையலறையையே மூடிவிடுவார்கள்.

மேலதிகாரியை அழைக்கலாமா? பழக்கம் இருந்தால் தாராளமாக. "சம் ஆஃப் அஸ் ஆர் கிராபிங் லஞ்ச் அட் ட்வெல்வ் தர்ட்டி, இஃப் யூ'ட் லைக் டு ஜாயின்" என்று கொஞ்சம் நீட்டினால் மரியாதையும் சேர்ந்துவிடும். பழகி அதிக நாள் ஆகாத ஆணும் பெண்ணும் என்றால், தனியாக 'கிராப் டின்னர்' என்பதைக் காதல் சந்திப்புக்கான அழைப்பாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. அந்த எண்ணம் இல்லையென்றால் மதிய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது 'எ ஃபியூ ஆஃப் அஸ்' என்று கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. 'ஸம்டைம்' என்று முடிந்தால்

"வி ஷுட் கிராப் எ பைட் ஸம்டைம்!" விடைபெறும்போது இது அடிக்கடி வரும். நம் ஊரில் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்" என்று தெருமுனையில் சொல்வதற்கு இணை. நல்லெண்ணம் உண்மை, தேதி கிடையாது. இதைக் கேட்டுவிட்டு இரண்டு வாரம் காத்திருந்து, கூப்பிடவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு.

உண்மையா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, நாளை நீங்கள் சொல்வது: "ஐ'ட் லைக் தட். ஹவ் அபௌட் தர்ஸ்டே?" வியாழன் முடியாது என்றாலும் அவரே வேறு நாள் சொன்னால் விருப்பம் உண்டு. "லெட் மி செக் மை கேலண்டர்" என்று சொல்லி அதோடு நின்றால், நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் அவமானம் ஏதும் இல்லை.

7. பில் வரும்போது

கூப்பிட்டவர்தான் கொடுக்க வேண்டும் என்பது நம் கணக்கு. 'கிராப் எ பைட்' அந்தப் பொறுப்பைச் சுமப்பதில்லை. அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் பணம் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. நீங்கள் அழைத்திருந்தாலும் எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அவர் அழைத்திருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

அவரே கொடுக்க நினைத்தால் தெளிவாகச் சொல்லிவிடுவார்: "மை ட்ரீட்", "இட்'ஸ் ஆன் மி", "ஐ'வ் காட் திஸ்." ஒரு முறை "ஆர் யூ ஷ்யூர்?" கேளுங்கள், பிறகு "தேங்க்ஸ், நெக்ஸ்ட் ஒன்'ஸ் ஆன் மி." பில்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் நம் கல்யாண மண்டபச் சண்டை அங்கே வேண்டாம்.

பிரித்துக் கொடுப்பது என்றால் ஆர்டர் செய்யும்போதே "செபரேட் செக்ஸ், ப்ளீஸ்" (separate checks, தனித்தனி பில்) என்று சொல்லுங்கள். கடைசியில் சொன்னால் பரிமாறுபவருக்கு இரட்டை வேலை. அமெரிக்காவில் 'செக்', பிரிட்டனில் 'பில்'.

அமெரிக்க மெனுவில் போட்டிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸும் உண்டு. பத்து டாலர் என்று பார்த்து உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். கவுன்ட்டரில் நின்று வாங்குகிற இடத்தில் டிப்ஸ் உங்கள் இஷ்டம். டிப்ஸ் கேட்கும் கட்டணத் திரையைத் திருப்பி நீட்டினார்களே என்று கூச்சப்பட்டு அழுத்த வேண்டியதில்லை. பிரிட்டனில் விலையிலேயே வரி அடங்கியிருக்கும். லண்டன் உணவகங்கள் பலவற்றில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். அதைப் பார்க்காமல் மேலும் டிப்ஸ் வைக்காதீர்கள்.

8. சொல்லக் கூடாத இடங்கள்

விருந்து என்று பேர் சொல்லக்கூடிய எதற்கும் இது ஆகாது. "ப்ளீஸ் கம் டு மை வெட்டிங் அண்ட் கிராப் எ பைட்" என்று அழைப்பிதழோடு எழுதினால், இரண்டு நாள் சமைத்த விருந்தை நீங்களே பாக்கெட் பிஸ்கட் ஆக்குகிறீர்கள். உங்கள் வீட்டில் நீங்கள் சமைத்து அழைத்தாலும் அப்படித்தான். "கம் ஓவர் ஃபார் டின்னர்" என்று சொல்லுங்கள். பழகிய நண்பர் வீட்டுக்கு வந்து பசிக்கிறது என்றால், "கிராப் எ பைட் ஃப்ரம் த ஃப்ரிட்ஜ்" என்று சொல்வது மட்டும் பொருந்தும்.

முதல் முறை தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் "குட் வி டிஸ்கஸ் திஸ் ஓவர் லஞ்ச்?" என்பதே சரி. துக்க வீட்டிலும் தவிர்த்துவிடுங்கள். அவசரத் தொனி அங்கே பொருந்தாது.

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் இதைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். பேச்சுத் தேர்வில் சொல்லலாம், அது உரையாடல்தானே. அதன் ஜெனரல் டிரெயினிங் பிரிவில், எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் நண்பருக்குக் கடிதம் வந்தால் எழுதலாம். மேலாளருக்கு வந்தால் கூடாது. இரண்டாம் பகுதிக் கட்டுரையில் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். ஒரு தேர்வில் ஒரு முறைக்கு மேல் வந்தால் மனப்பாடம் செய்தது தெரிந்துவிடும்.

9. பக்கத்தில் இருக்கும் சொற்களோடு குழப்பாதீர்கள்

தட்டு முன்னால் வந்துவிட்டது, ஆரம்பிக்கலாம் என்பதற்கு 'டிக் இன்'. பிரிட்டனில் 'டக் இன்'. அந்த நேரத்தில் 'கிராப் எ பைட்' என்பது காலம் தாண்டிய பேச்சு, ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. அவசர அவசரமாக விழுங்குவது 'வுல்ஃப் டவுன்'. எதை விழுங்கினீர்கள் என்றும் சொல்ல வேண்டும்.

வயிறு முட்டத் தின்பது 'பிக் அவுட்'. இதைத் தன்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லலாம்: "ஐ பிக்ட் அவுட் ஆன் பீட்சா." அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் பன்றி என்று திட்டியது போல ஆகும். நண்பர்களுக்குள்கூட யோசித்துச் சொல்ல வேண்டியது.

'பைட் மி' என்று காதில் விழுந்தால் அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. எரிச்சலில் சொல்லும் அமெரிக்க வசவு. உள்ளே இருக்கும் சொல் தெரிந்ததுதானே என்று எடுத்துப் பயன்படுத்திவிடாதீர்கள். "கிராப் மி எ பைட்" என்பது வேறு, 'எனக்கு ஏதாவது வாங்கி வா'; அது பாதுகாப்பானது.

10. சிங்கப்பூர், மலேசியாவில் இருந்தால்

அங்கே 'கிராப்' என்பது முதலில் ஒரு வாடகைக் கார், உணவு டெலிவரி நிறுவனத்தின் பெயர். 2012-ல் மலேசியாவில் 'மைடெக்ஸி'யாகத் தொடங்கி வளர்ந்த அந்தப் பெயர் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. "ஷல் வி கிராப்?" என்றால் காரை அழைக்கலாமா என்று பொருள். 'கிராப் டின்னர்' என்றால் செயலியில் ஆர்டர் செய்யச் சொல்கிறீர்களா, வெளியே போகலாம் என்கிறீர்களா என்று ஒரு கணம் குழம்புவார்கள். 'எ பைட்' சேர்த்தால் குழப்பம் தீரும். சகஜமாகப் பேச, மலாயிலிருந்து வந்த 'மக்கான்' இருக்கவே இருக்கிறது: "லெட்ஸ் கோ மக்கான்." தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் புரியும்.

11. பழகும் வரிசை

ஒலியை முதலில் தனியாக, பதிவு செய்து. பிறகு சில நாட்களுக்கு அரட்டைச் செயலியில் எழுத்தாக மட்டும்: 'கிராபிங் எ பைட், பேக் இன் தர்ட்டி'. எழுத்தில் உச்சரிப்புப் பயம் இல்லை. சொற்கள் கைக்குப் பழகும். முப்பது நிமிடம் என்று எழுதினால் முப்பதில் திரும்பிவிடுங்கள். அடுத்து அழைப்பு வரும்போது பதில்கள்.

முதல் அழைப்பைத் தனி ஒருவரிடம் வைக்காமல், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நிற்கும் இடத்தில், வாரத்தின் நடுவில், பதினொன்றே முக்கால் வாக்கில் வையுங்கள். ஒருவர் மறுத்தாலும் இன்னொருவர் வருவார். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். அந்த நேரத்தில் எல்லோருக்கும் வேறு திட்டம் இருக்கும், இல்லையென்றால் அழைப்பு 'கிராப் எ டிரிங்க்' பக்கம் சாய்ந்துவிடும்.